ஓரத்து அறையின் சாவி

டார்வின்,
ஆஸ்திரேலியா,
9 பிப்ரவரி 1986

அன்புள்ள செவாஸ்தி அக்காவுக்கு,

தம்பி ஸ்கேவோஸ் எழுதுகிறேன். நீயும் அத்தானும் உடம்புக்குச் சுகமாக இருக்க வேண்டும். எங்களைக் கேட்டால், நலம். இங்கே மழைக்காலம். அடித்த சுண்ணாம்பு காயவே மாட்டேன் என்கிறது. கட்டட வேலை மந்தம்.

ஒரு விஷயம். இந்தக் கோடையில் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். கடைசியாக வந்தது அம்மாவை அடக்கம் செய்ய. அப்போது கடலில் கால்கூட நனைக்கவில்லை. இந்தத் தடவை, உன்னிடம் வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களைப் போல, ஒரு மாதம் சும்மா இருக்க ஆசை. காலையில் குளியல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் கொஞ்சம் சோம்புச் சாராயம். அல்மிரிக் கரையில் நீ கட்டியிருக்கும் அறைகளில் சின்னதாக ஒன்று போதும். அவர்கள் கொடுக்கிற வாடகையை நானும் கொடுப்பேன். ஓசி என்றால் வர மாட்டேன்.

மகள் தெமெலினாவும் மருமகனும் நலம். அவர்கள் வீட்டு மாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது.

அத்தானைக் கேட்டதாகச் சொல். உன் கையை முத்தமிடும்,
ஸ்கேவோஸ்


அல்மிரி, கலிம்னோஸ் தீவு,
4 மார்ச் 1986

பாசமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்டாய்: எனக்கு முழங்கால், உன் அத்தான் மிக்கேஸுக்குச் சோம்பேறித்தனம், மற்றபடி நலம்.

வாடகை கொடுக்கிறானாம், வாடகை. அதைப் படித்ததும் கடிதத்தை அடுப்பில் போட இருந்தேன். சரி, நீ தொழில் பேசினாய், நானும் பேசுகிறேன். ஆகஸ்டில் ஆறு அறையும் போன வருஷமே பேசி முடித்தாயிற்று. இதைக் கேட்டால் அப்பா கல்லறையில் புரண்டு படுப்பார். பங்கு வைத்தபோது உனக்கு வாத்திப் பள்ளத்தாக்கில் கமலா ஆரஞ்சுத் தோப்பு; எனக்கு இந்த உப்புக்கரை. கத்தரிக்காய் முளைக்காத மண், பொண்ணுதானே, போதும் என்று தள்ளிவிட்டார். கடற்பஞ்சு வாங்க வந்த வெளிநாட்டு வியாபாரி ஒருவன் இங்கே குளிக்கலாமா என்று கேட்டான். "குளிக்கக் காசில்லை. குளிச்சிட்டுப் பசிக்கும் பாரு, அதுக்குத்தான் காசு" என்றேன். அங்கே ஆரம்பித்த கடை இது.

அது போகட்டும். நம் தீவில் வீடு பெண்ணுடையது. கல்யாணமான ஆண் பெண்டாட்டி வீட்டில்தான் தூங்குவான். ஹோரியோவில் உன் பெண்டாட்டி கலோட்டினாவுக்கு அவள் அம்மா கொடுத்த வீடு பூட்டிக் கிடக்கும்போது நீ அக்காவிடம் அறை எடுத்தால் ஊர் என்ன சொல்லும்? பெண்டாட்டி துரத்திவிட்டாள் என்று சொல்லும். ஆகவே அவளுடைய பொதித்தி சித்தியிடம் சாவி வாங்கி, ஈஸ்டருக்குள் வெள்ளையடித்து வைக்கிறேன். ஜன்னலுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கலோட்டினாவைக் கேட்டு எழுது. அவள் ருசிக்காரி, பிறகு என்னைத் திட்டக் கூடாது.

இருவரும் பத்திரமாக வாருங்கள்.
உன் அக்கா, செவாஸ்தி


டார்வின்,
2 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கடல்மணலைச் சூடாக்கி ஒத்தடம் கொடு. அம்மா செய்வாள்.

அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம். உனக்கு எதற்கு வீண் செலவு? கலோட்டினாவுக்கு வேலையில் விடுப்புக் கிடைப்பது கஷ்டம் போலிருக்கிறது. நான் மட்டும் வந்தாலும் வருவேன். ஒரு ஆளுக்கு அவ்வளவு பெரிய வீடு ஏன்? ஆகஸ்டு இல்லாவிட்டால் ஜூலை, இல்லை செப்டம்பர். எப்போது காலியோ அப்போது. வலை வைக்கிற அறையானாலும் சரி. ஒரு கட்டில், கடலைப் பார்க்க ஒரு ஜன்னல்.

ஜன்னல் நிறத்தைப் பற்றி, கலோட்டினாவைப் பார்க்கும்போது கேட்கிறேன்.

அத்தானுக்கு அன்பு.
உன் தம்பி, ஸ்கேவோஸ்


அல்மிரி,
8 மே 1986

பாசமுள்ள தம்பிக்கு,

கிறிஸ்து உயிர்த்தார். வழக்கம்போல நம் பையன்கள் மலையிலிருந்து வெடி போட்டார்கள். என் கண்ணாடித் தம்ளர் நாலு உடைந்தது. ஆட்டுக்குட்டிக்கு அரிசி அடைத்துச் சுட்டேன். உன் பங்கையும் உன் அத்தானே தின்றார்.

நீ வேண்டாம் என்று எழுதிய கடிதம் வரும் முன்பே வெள்ளையடித்தாயிற்று. நிறம் வராததால் ஜன்னலுக்கு நீலம் அடித்தேன். சாவி கேட்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன்.

"யாருக்குடி இந்த அலங்காரம்?" என்றாள் பொதித்தி.

"என் தம்பிக்கும் உங்க அக்கா மகளுக்கும்தான் சித்தி."

"கலோட்டினா எழுதியிருக்காளா, வர்றேன்னு?"

"அவ புருஷன் எழுதியிருக்கான்."

"ஓ, அவன் எழுதியிருக்கானா. அப்ப சரி." சாவியைக் கொடுத்துவிட்டு, இருக்கிற காப்பியைக்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். பொதித்தி வீட்டில் காப்பி குடிக்காமல் நான் திரும்பியது இதுதான் முதல் தடவை.

நீ எழுதியதில் ஒன்று எனக்கு விளங்கவில்லை. கலோட்டினாவைப் பார்க்கும்போது கேட்கிறாயாம். ஒரே கூரையின் கீழ் இருப்பவளை எப்போதடா பார்ப்பாய்?

உடம்பைக் கவனித்துக்கொள்.
உன் அக்கா, செவாஸ்தி


டார்வின்,
22 மே 1986

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கலோட்டினா எழுதுவது. உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுவே முதல் தடவை; அது நல்ல சேதிக்காக இல்லாமல் போயிற்று.

என் வீட்டுக்கு நீங்கள் வெள்ளையடித்ததாகச் சித்தி எழுதியிருந்தாள். படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் தம்பி உங்களிடம் சொல்லவில்லை. நானே சொல்கிறேன். போன நவம்பரிலிருந்து நாங்கள் பிரிந்திருக்கிறோம். அடி இல்லை, வேறு பெண் இல்லை, குடி இல்லை. தெமெலினாவுக்குக் கல்யாணம் ஆன பிறகு வீட்டில் நாங்கள் இருவரும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. நான் வாயைத் திறந்தால் அவர் எழுந்து முற்றத்துக்குப் போவார். ஒரு நாள், "நீங்க அங்கேயே இருந்துக்கங்க" என்று சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அந்த வீடு எது தெரியுமா அண்ணி? புயலில் இந்த டார்வினே அழிந்த பிறகு அவர் தன் கையால் கட்டியது. மகள் கல்யாணத்தன்று, நம் ஊரில் செய்கிறபடியே, சாவியை அவள் கையில் கொடுத்தார். இங்கே யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளைகூட வேண்டாம் என்றான். "என் மக வீடில்லாமப் போறதா?" என்றார். இப்போது மகளோடு நான் இருக்கிறேன். அவர் ஒரு பழைய பட்டறையின் பின்னால் படுத்திருக்கிறார். இந்த ஊரில் பாதி வீடு அவர் எழுப்பியது.

ஹோரியோ வீட்டில் அவர் தங்கட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் அந்த வாசற்படியை அவர் மிதிக்க மாட்டார். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் கலோட்டினா


அல்மிரி,
9 ஜூன் 1986

பாசமுள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். இங்கே வெயில் ஏறிவிட்டது. முதல் விருந்தாளிகள் வந்து, ஏற்கெனவே தோல் உரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹோரியோ வீட்டைப் பற்றி ஒரு கெட்ட செய்தி. வெள்ளையடித்துவிட்டு மேலே பார்த்தால் உத்தரம் உளுத்துப் போயிருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. எலி வேறு. அங்கே மனுஷன் படுக்க முடியாது. சாவியைப் பொதித்தியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதனால் நீ கேட்டபடியே இங்கே வா. ஓரத்து அறையை ஒரு ஏதென்ஸ் வாத்தியாருக்குப் பேசியிருந்தேன். அவர் இந்த வருஷம் வரவில்லை. ஒற்றைக் கட்டில். ஜன்னலைத் திறந்தால் கடல், மூடினால் கடல் சத்தம். வாடகை, ஜெர்மன்காரன் என்ன கொடுக்கிறானோ அதேதான். தள்ளுபடி கேட்காதே, சொந்தக்காரனுக்குத் தள்ளுபடி கொடுத்துத்தான் இந்தத் தீவில் பாதிக் கடை மூடிப் போயிற்று. காலைச் சாப்பாடு சேர்த்தி. போர்வை நான் தருவேன், துண்டு நீ கொண்டு வா.

கலோட்டினாவுக்கு விடுப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது. வேலை முக்கியம்.

எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.
உன் அக்கா, செவாஸ்தி


டார்வின்,
27 ஜூன் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. ஜூலை பதினெட்டு வாக்கில் வந்து சேர்வேன். துண்டு வாங்கிவிட்டேன்.

உத்தரத்தைப் பற்றி வருத்தம். நல்ல மரமாயிற்றே அது.

முத்தங்களுடன்,
ஸ்கேவோஸ்


அல்மிரி,
20 அக்டோபர் 1986

அன்புள்ள கலோட்டினாவுக்கு,

நீயும் தெமெலினாவும் நலமாக இருக்க வேண்டும். எங்களைக் கேட்டால், கடைசி விருந்தாளியும் போய்விட்டார். காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறோம். நீ கேட்காத விவரத்தை நானே எழுதுகிறேன், மனதில் கேட்டிருப்பாய்.

ஒரு மாதம் என்று வந்தவன் மூன்று மாதம் இருந்தான். முதலில் அசல் விருந்தாளி போலவே நடந்தான். காலையில் துண்டைத் தோளில் போட்டுக் கடலுக்குப் போவான். மத்தியானம் ஜன்னலை மூடிப் படுப்பான். ஞாயிறுதோறும் வாடகையை என் மேஜையில் வைப்பான். நானும் எண்ணி எடுத்துக்கொள்வேன். காப்பிக்கடையில் ஒருவன் கேட்டிருக்கிறான்:

"என்ன ஸ்கேவோ, எந்த வீட்டுல எறங்கியிருக்க?"

"ஓட்டல்ல. லீவுக்கு வந்திருக்கேன்ல."

"சொந்த ஊருக்கு லீவா? ஆஸ்திரேலியாக் காசு கொழுத்துப் போச்சுடா உனக்கு."

அப்படி அவர்கள் சிரித்ததில் இவனுக்கு நிம்மதிதான். கொழுப்பு என்று சொல்லிவிட்டுப் போகட்டும், வேறு எதுவும் சொல்லவில்லையே.

ஆகஸ்டு பாதியில் அவனுக்குப் பொறுக்கவில்லை. நாலாம் அறையின் கதவு தரையில் உரசுகிறது என்று கழற்றிப் போட்டு இழைத்தான். பிறகு குளியலறைக் குழாய். பிறகு மேல்தளத்து ஓதம். அறை எடுத்த ஜெர்மன் அம்மாள், "அவர் விருந்தாளியா, வேலைக்காரரா?" என்று கேட்டாள். "ரெண்டும் இல்ல, கட்டடக்காரன். கோணலப் பாத்தா தூக்கம் வராது" என்றேன்.

உன் பெயரை அவன் ஒரு தடவைதான் சொன்னான். கடையோரம் தக்காளி வெட்டிக் காய்ந்த ரொட்டி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். "கலோட்டினா இதுல உப்பு கம்மியாப் போடுவா" என்றான். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அக்டோபரில் அறைகளைப் பூட்ட ஆரம்பித்ததும் அவன் முகம் மாறிவிட்டது. லீவு முடிந்தது, விமானச் சீட்டு இருக்கிறது என்றான். சீட்டைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. "இரு" என்று நேராகச் சொன்னால் அக்கா வீட்டில் ஒண்டியவன் ஆகிவிடுவான். என் புருஷனிடம் மட்டும் புலம்பினேன்.

"ஒண்டுறதா?" என்றார். "நான் முப்பத்தஞ்சு வருஷமா உங்கம்மா குடுத்த வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கேன். வாடகை கூடத் தர்றதில்ல. இந்தத் தீவுல ஆம்பளை அத்தனை பேரும் விருந்தாளிதாண்டி. உன் தம்பிதான் ஒழுங்காக் காசு கொடுத்த முதல் ஆளு."

ஞாயிற்றுக்கிழமை கப்பலில் போய்விட்டான். என் புருஷனை அவன் கட்டிப் பிடித்து விடைபெறும்போது, ஓரத்து அறையின் சாவியை அவன் கோட்டுப் பையில் போட்டேன். கடலில் விழுந்தால் மிதக்கட்டும் என்று ஒவ்வொரு சாவியிலும் தக்கைக் கட்டை கட்டியிருப்பேன். அவ்வளவு பெரிதை ஒருவருக்கும் தெரியாமல் போடுவது சாதாரணம் இல்லை. என் புருஷன் பார்த்துவிட்டார். முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.
செவாஸ்தி


பிரேயஸ் துறைமுகம், ஏதென்ஸ்,
29 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் ஏதோ மாற்றமாம். இன்னும் சில நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் இருக்கிறேன். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. அறை சுத்தம். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது, யாரும் கவனிக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தில் ஆள் தேவை என்று எழுதியிருந்தார்கள். பொழுது போக வேண்டுமே என்று போகிறேன்.

இந்தக் கோடை நன்றாக இருந்தது அக்கா. நீ வைத்திருப்பது நல்ல கடை. அத்தானிடம் சொல், படகின் அடிப்பலகையை மழைக்கு முன் மாற்றச் சொல்.

உன் தம்பி, ஸ்கேவோஸ்


அல்மிரி,
4 நவம்பர் 1986

பாசமுள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ குளிரில் வேலை செய்யும்போது மார்பை மூடிக்கொள்.

கண்டிப்பான விஷயம் எழுதுகிறேன். ஓரத்து அறையின் சாவியைக் காணோம். எல்லா ஆணியும் நிறைந்திருக்கிறது, அந்த ஆணி மட்டும் காலி. நீதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கோட்டுப் பையில் பார். விருந்தாளிகள் சாவியைக் கொண்டுபோவது எனக்குப் புதிதல்ல. தபாலில் அனுப்பச் சொல்வேன், அனுப்புவார்கள். உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நீ கொண்டு வர வேண்டும். வேறு சாவி செய்யப் போவதில்லை. அந்தக் கதவு அதுவரை பூட்டியே இருக்கும்.

நான் படிப்பில்லாதவள், ஆனால் கணக்குத் தெரிந்தவள். நம் வீட்டில் சாவி அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது. அம்மா எனக்கு ஒன்று கொடுத்தாள். கலோட்டினாவுக்கு அவள் அம்மா கொடுத்தாள். தெமெலினாவுக்கு நீ கொடுத்தாய், நன்றாகச் செய்தாய். உனக்கு அப்பா தோப்பைக் கொடுத்தார். தோப்புக்குச் சாவி கிடையாது. அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

இப்போது தொழில். வாத்திப் பள்ளத்தாக்கில் உன் மரங்கள் காய்த்துத் தொங்குகின்றன. கிறிஸ்துமஸுக்குள் பறிக்க ஆள் வேண்டும். குளிர்காலத்தில் மாடியில் மூன்று அறை எழுப்பப் போகிறேன். போத்தியா டவுனிலிருந்து வந்த கொத்தனார் சொன்ன கூலியைக் கேட்டு உன் அத்தானே எழுந்து உட்கார்ந்தார். நீ என்ன கேட்கிறாய் என்று எழுது. அதிகம் கேட்டால் குறைப்பேன். குறைவாகக் கேட்டால் திட்டுவேன். அறை வாடகையைக் கூலியில் கழித்துக்கொள்வேன். ஓசி கிடையாது, பயப்படாதே.

விமானத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா, செவாஸ்தி


பிரேயஸ்,
11 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், நலம். இதை இந்த வருஷத்தில் முதல் தடவையாக உண்மையாக எழுதுகிறேன்.

சாவி இருக்கிறது. கப்பல் பக்கத்து லேரோஸ் தீவைத் தாண்டும் முன்பே கையில் தட்டுப்பட்டது. தபாலில் அனுப்பலாம் என்று பொட்டலம் கட்டினேன். உறையில் உன் பெயரும் எழுதினேன். பிறகு பிரித்துவிட்டேன்.

நீ ஒரு பொய் சொன்னாய் அக்கா. உனக்குப் பொய் வராது, அதனால்தான் கெட்டியாக நினைவிருக்கிறது. ஆகஸ்டு மாதா திருநாளில் எல்லாரும் கோயிலுக்குப் போனபோது நான் ஹோரியோவுக்குப் போய் அந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்தேன். நீல ஜன்னல் அழகாக இருக்கிறது. ஜன்னல் இடுக்கு வழியாக உத்தரத்தையும் பார்த்தேன். இன்னும் நூறு வருஷம் தாங்கும். உளுத்த மரம் எது, நல்ல மரம் எது என்று என் கண்ணுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். நீ ஒன்றும் கேட்காமல் ஞாயிறுதோறும் வாடகையை எண்ணி எடுத்துக்கொண்டாயே, அதற்காகத்தான் இரண்டு மாதம் கூடுதலாக இருந்தேன்.

கலோட்டினாவுக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். ஜன்னல் நிறம் நீலம் என்று. மற்றதை அடுத்தடுத்து எழுதுவேன்.

கூலியை நேரில் பேசுவோம். மாடியில் மூன்று அறை என்கிறாய். அடித்தளத்தைப் பார்க்காமல் ஒரு கல் வைக்க மாட்டேன். இரண்டுதான் தாங்கும் என்றால் இரண்டுதான், வியாபாரி முகம் காட்டாதே.

அடுத்த வாரம் வியாழக்கிழமைக் கப்பலில் ஏறுகிறேன். விடியற்காலையில் வந்து சேரும். அத்தானைப் படகோடு அனுப்பாதே, குளிரும். வழி எனக்குத் தெரியும். நீயும் எழுந்து காத்திருக்க வேண்டாம், முழங்காலுக்கு ஆகாது. தூங்கு.

கதவை நானே திறந்துகொள்கிறேன்.

உன் தம்பி,
ஸ்கேவோஸ்